பக்கத்து வீட்டுப் பாட்டியின் ஞானம் யாரிடமிருந்து வந்தது?

கேள்வி: ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை, யாங்கோன்

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

எங்கள் தமிழ்ச் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் பத்து வயது முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். சென்ற ஞாயிறு நீதிமொழிகளைத் தொடங்கினோம். ‘கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம்’ என்ற வசனத்தை மனப்பாடம் செய்யச் சொன்னபோது, ஒரு சிறுமி எழுந்து பாதித் தமிழிலும் பாதிப் பர்மியத்திலும் கேட்டாள்: “டீச்சர், எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி புத்தர் கோயிலுக்குப் போகிறவர். எங்கள் தெருவிலேயே அவர்தான் ஞானமுள்ளவர் என்று அப்பா சொல்கிறார். அவருக்கு அந்த ஞானத்தை யார் கொடுத்தது?”

அந்தப் பாட்டியை எனக்கும் தெரியும். போன மழைக்காலத்தில் அந்தத் தெருவில் ஒரு வீட்டார் வாசலில் சிமெண்டு மேடை கட்டினார்கள். அதனால் வடிகால் அடைபட்டு, எதிர்வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. இரண்டு குடும்பமும் பேச்சை நிறுத்திக்கொண்டன. ஒரு குடும்பம் எங்கள் சபையார் என்பதால் எங்கள் மூப்பர்கள் இருமுறை போய்ப் பேசியும் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பாட்டி இரண்டு வீட்டுப் பெண்களையும் அழைத்து, ஒரே பாயில் உட்கார வைத்து, வெறுந்தேநீரை ஊற்றி நடுவில் வைத்தார். “உன் குறையைப் பிறகு கேட்கிறேன். அவளுக்கு என்ன கஷ்டம் என்று முதலில் நீ சொல்” என்று ஒருத்தியிடம் சொன்னாராம். அதன் பிறகு வெகுநேரம் இருவரும் வாய் திறக்கவில்லை, தேநீர் ஆறிப்போயிற்று. மூன்றாம் நாள் மேடையின் ஓரத்தை உடைத்து அதனடியில் குழாய் பதித்தார்கள்.

இப்போது அந்தச் சிறுமிக்கு நான் என்ன பதில் சொல்ல வேண்டும்? ‘இவ்வுலகத்தின் ஞானம் தேவனுடைய பார்வையில் பைத்தியமாயிருக்கிறது’ என்று 1 கொரிந்தியர் 3:19 சொல்கிறது. பாட்டியின் செயலை அந்த வசனத்துக்குள் அடைத்தால் நான் பொய் சொன்னவளாவேன் என்று என் மனசாட்சி சொல்கிறது. அது தேவனிடமிருந்தே வந்தது என்று சொன்னால், பிறகு வேதமும் சபையும் எதற்கு என்று அடுத்த கேள்வி வரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் பிள்ளைகள் பள்ளியில் படிப்பது பர்மிய மொழியில். ஞானத்துக்கு அவர்கள் அறிந்த சொல் ‘பியின்ஞா’. பள்ளிப் படிப்புக்கும் அதே சொல்தான். ‘பியின்ஞா என்பது பொற்குடம், அதை ஒருவரும் திருட முடியாது’ என்ற பர்மியப் பழமொழியைச் சிறு வயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள். ஆகவே ஞானம் என்றவுடன் பரீட்சை மதிப்பெண்தான் அவர்கள் நினைவுக்கு வருகிறது. அடுத்த ஞாயிற்றுக்குள் உங்கள் சிந்தனையைப் பகிர்ந்துகொள்வீர்களானால் நன்றியுள்ளவளாயிருப்பேன்.

பதில் 1: விவசாயி மகன், பகோ பக்கம்

சகோதரி, நான் வேதசாஸ்திரம் படித்தவனல்ல, வயலில் வளர்ந்தவன். உங்கள் கேள்வியை வாசித்தவுடன் என் நினைவுக்கு வந்த ஒரு பகுதியை மட்டும் எழுதுகிறேன். ஏசாயா 28-ஆம் அதிகாரத்தின் கடைசி ஏழு வசனங்களைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். உழுகிறவன் நாள்தோறும் உழுதுகொண்டே இருப்பானோ என்று அந்தப் பகுதி கேட்கிறது. நிலத்தை நிரவியபின் உளுந்தை ஒரு விதமாகவும் சீரகத்தை ஒரு விதமாகவும் அவன் விதைக்கிறான். அடிக்கும்போதும் உளுந்தைக் கோலினாலும் சீரகத்தை மிலாற்றினாலும் அடிக்கிறான். அவற்றின்மேல் வண்டி உருளையை ஓட்டுவதில்லை. இதையெல்லாம் சொல்லும்போதே, ‘அவனுடைய தேவன் அவனை நன்றாய்ப் போதித்து, அவனை உணர்த்துகிறார்’ என்று தீர்க்கதரிசி எழுதிவிடுகிறார்.

எங்கள் பக்கம் நெல் அறுப்பு முடிந்ததும், மண்ணில் மீந்திருக்கும் ஈரத்தை மட்டும் நம்பி உளுந்து விதைப்போம். அதற்குப் பிறகு மழை கிடையாது என்பதால், விதைக்கும் நாளைத் தவறவிட்டால் அந்தப் பருவமே போயிற்று. ‘மாட்பே’ என்று நாங்கள் சொல்லும் இந்த உளுந்து கப்பலேறி இந்தியாவுக்குப் போய் அங்குள்ள வீடுகளில் இட்லியாகிறது என்பதை உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள், மகிழ்வார்கள். என் அப்பா விடியற்காலையில் வயலில் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் இறுக்குவார். கையைத் திறந்ததும் மண் உருண்டையாக நின்றால், இன்னும் இரண்டு நாள் பொறுப்போம் என்பார். பெருவிரலால் மெல்லத் தொட்டவுடன் அது உடைந்து உதிர்ந்தால் அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடுவார். அவர் பள்ளிக்கூடம் போனது மூன்றே வருடம். 1960-களின் நடுவில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டபோது அவருடைய தமிழ்ப் படிப்பும் நின்றது; மீதித் தமிழை வேதாகமத்தைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார்.

இதில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது ஒன்று உண்டு. எங்கள் முன்னோர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், நெல்லை நன்றாக அறிந்தவர்கள். ஆனால் இந்த மண்ணில் ஈரம் பார்த்து உளுந்து போடும் கணக்கை என் தாத்தாவுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வயல்காரரான ஒரு பர்மியப் பெரியவர், புத்த சமயத்தவர். அவரும் தம் தகப்பனாரிடம் கற்றவர்தான். ஏசாயாவின் வார்த்தையை நான் நம்புகிறேன் என்றால், என் அப்பாவைத் தேவன் போதித்தது அந்தப் பெரியவரின் கை வழியாகத்தான் என்றும் நான் ஒப்புக்கொள்ள வேண்டியவன். இரவில் சொப்பனம் கொடுத்து தேவன் உழவனுக்குப் போதித்தார் என்று ஏசாயா சொல்லவில்லை. மண், பருவம், மூத்தவர்கள், கெட்டுப்போன பயிர் என்று எல்லாவற்றின் வழியாகவும் பாடம் நடந்திருக்கிறது. ‘இதுவும் சேனைகளுடைய கர்த்தராலே உண்டாகிறது’ என்றே அந்த அதிகாரம் முடிகிறது. ‘இதுவும்’ என்ற சொல்லைப் பிள்ளைகள் கவனிக்கும்படி செய்யுங்கள்.

பதில் 2: மூத்த சபையார், யாங்கோன்

மகளே, உன் மாணவியின் கேள்வி நல்ல கேள்வி. அதற்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லாமல் எங்களிடம் கேட்டாயே, அது அதைவிட நல்லது. தம்பி எழுதியதை நான் மறுக்கவில்லை. ஆயினும் பிள்ளைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாதபடிக்குச் சில காரியங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் 1 கொரிந்தியர். பவுல் அந்த நிருபத்தை எழுதியது ஊராருக்கு அல்ல, சபையாருக்கு. கொரிந்துவில் ஞானஸ்நானம் பெற்றவர்களே ‘நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்’ என்று கட்சி கட்டிக்கொண்டு, யாருடைய பேச்சு உயர்ந்தது என்று போட்டியிட்டார்கள். இவ்வுலகத்தின் ஞானம் என்று பவுல் கடிந்துகொண்டது அந்தப் பெருமையைத்தான். ஆகவே அந்த வசனத்தைப் பக்கத்து வீட்டாரை நோக்கி நீட்டுவதற்கு முன் நம்மை நோக்கி வாசிக்க வேண்டும். வடிகால் வழக்கில் இரண்டு முறை போய்த் தோற்றுத் திரும்பிய மூப்பர்களில் நானும் ஒருவன். அந்த வீட்டில் நாங்கள் செய்தது உபதேசம். எதிர்த்தரப்பின் வாயைக் கேட்கவே இல்லை. இதை இங்கே எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை, துக்கம் உண்டு.

ஆனால் பவுல் அங்கேயே நின்றுவிடவில்லை. ‘சிலுவையைப்பற்றிய உபதேசம் கெட்டுப்போகிறவர்களுக்குப் பைத்தியமாயிருக்கிறது, இரட்சிக்கப்படுகிற நமக்கோ அது தேவபெலனாயிருக்கிறது’ என்கிறார். வழக்கைத் தீர்க்கும் ஞானம் ஒன்று; அறையப்பட்ட ஒருவரிடத்தில் தேவன் தம்மைக் காட்டினார் என்று அறிந்துகொள்வது வேறொன்று. இந்த இரண்டாவதை மனிதன் எத்தனை மண்ணைப் பிடித்துப் பார்த்தாலும், எத்தனை வருஷம் வாழ்ந்தாலும், தானாகக் கண்டுபிடிக்க மாட்டான். அது அறிவிக்கப்பட வேண்டிய செய்தி. இதைப் பிள்ளைகளிடம் மழுப்பிவிடாதே. தேவன் பாட்டிக்குத் தந்ததை நன்றியோடு ஒப்புக்கொள்வதும், நமக்கு ஒப்புவிக்கப்பட்ட நற்செய்தியைச் சிறிதும் குறைக்காமல் சொல்வதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. அத்தேனே பட்டணத்தில் கிரேக்கப் புலவரின் ‘நாம் அவருடைய சந்ததியார்’ என்ற வரியை எடுத்துப் பேசியவரும் இதே பவுல்தான். அந்த வரியைச் சொல்லிவிட்டு அவர் உயிர்த்தெழுதலைச் சொல்லாமல் இறங்கிவிடவில்லை.

அடுத்து ‘பியின்ஞா’. அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813-இல் ரங்கூனில் வந்திறங்கி, பர்மியரிடமே பர்மிய மொழியையும் பாளியையும் கற்று, 1834-இல் மோல்மீனில் வேதாகம மொழிபெயர்ப்பை முடித்தார். இடையில் ஆவாவில் சிறைப்பட்டிருந்தபோது அவருடைய கையெழுத்துப் பிரதி ஒரு தலையணைக்குள் மறைந்திருந்து தப்பியது. நீதிமொழிகளின் ஞானத்துக்கு அவர் எடுத்த சொல்லும் பியின்ஞாதான். அது பௌத்த நூல்களின் பாளிச் சொல்லாகிய ‘பஞ்ஞா’விலிருந்து வந்தது. பர்மியத்தில் அறிவுக்கு வழங்கும் ‘ஞான்’ என்ற சொல்லும் நம் ‘ஞானம்’ என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. எனவே சொல்லைக் குறித்துப் பயப்பட வேண்டாம். பாத்திரம் இந்த நாட்டுடையதாக இருக்கலாம், அதில் எதை வார்க்கிறோம் என்பதே காரியம்.

மதிப்பெண்ணைக் குறித்து ஒரு வார்த்தை. நீதிமொழிகள் 1:7-இல் ‘ஆரம்பம்’ என்று நாம் வாசிக்கும் எபிரெயச் சொல் ‘ரேஷித்’. அதற்குத் தொடக்கம் என்றும் தலையானது என்றும் பொருள் கொள்ளலாம். முதல் வகுப்பில் முடித்துவிட்டுத் தாண்டிப்போகும் பாடமாகக் கர்த்தருக்குப் பயப்படுதலைப் பிள்ளைகள் நினைக்கக் கூடாது. வீட்டின் நடுத்தூண் போல அது கடைசி வரைக்கும் தாங்கி நிற்க வேண்டியது. திருக்குறளின் இரண்டாம் குறளும் இதையே ஒரு கேள்வியாகக் கேட்கிறது: வாலறிவன் நற்றாள் தொழாவிட்டால் கற்றதனால் என்ன பயன்?

பதில் 3: மோல்மீன் வாசகி

ஐயாவின் எழுத்தை மரியாதையோடு வாசித்தேன், குறிப்பாக மூப்பர்களைப் பற்றி அவர் எழுதிய வரிகளை. நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவள். அதனால் சில சொற்கள் வேறுபடலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாலமோன் கிபியோனில் எதைக் கேட்டார் என்பதிலிருந்து தொடங்க விரும்புகிறேன். 1 இராஜாக்கள் 3:9-இல் ‘ஞானமுள்ள இருதயம்’ என்று தமிழில் நாம் வாசிப்பது எபிரெயத்தில் ‘லேவ் ஷோமேயா’, அதாவது கேட்கிற இருதயம். மக்களுக்கு நியாயம் தீர்க்க வேண்டிய அரசர், நல்ல நாவையும் கூர்மையான மூளையையும் விட்டுவிட்டு, கேட்கும் இருதயத்தைக் கேட்டார். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பாட்டியின் பாயைப் பாருங்கள். அவர் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. இரண்டு பெண்களுக்கும் காது கிடைக்கும்வரை தேநீரை ஆறவிட்டுக் காத்திருந்தார். சாலமோன் கேட்டுப் பெற்றது எதுவோ அது அந்தப் பாயிலும் இருந்தது. அதே சாலமோன் முதுமையில் இருதயம் வழுவிப்போனதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஞானத்தை ஒருமுறை வாங்கிப் பெட்டியில் பூட்டிவைக்க முடியாது. பர்மியப் பழமொழியின் பொற்குடம் கல்விக்குப் பொருந்தும். ஞானத்தின் காரியத்திலோ, திருடன் வராமலே குடம் காலியாகிவிடலாம்.

ஐயா வழக்குத் தீர்க்கும் ஞானத்தையும் சிலுவையின் ஞானத்தையும் வேறுபடுத்தினார். வேறுபாடு உண்டுதான். ஆனால் இரண்டுக்கும் நடுவில் சுவர் எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. ‘உலகத்திலே வந்து எந்த மனுஷனையும் பிரகாசிப்பிக்கிற ஒளியே அந்த மெய்யான ஒளி’ என்று யோவான் எழுதும்போது ‘எந்த மனுஷனையும்’ என்கிறார். இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்து இரத்தசாட்சியாக மரித்த புனித யுஸ்தீன், வார்த்தையானவராகிய கிறிஸ்துவின் விதை எல்லா மனித இனத்திலும் ஊன்றப்பட்டிருக்கிறது என்று இதனாலேயே எழுதினார். விதை வேறு, விளைச்சல் வேறு என்றும் அவர் அறிந்திருந்தார். ஆனால் விதைத்தவர் ஒருவரே. கிறிஸ்துவுக்குள் ஞானம் அறிவு என்னும் பொக்கிஷங்களெல்லாம் அடங்கியிருக்கின்றன என்று கொலோசெயர் நிருபம் சொல்வதை நான் நம்புகிறேன். அப்படியானால் உண்மையான ஞானத்தை எந்த வீட்டில் கண்டாலும் அதை அந்நியப் பொருளாக நான் பார்க்க வேண்டியதில்லை.

வேதாகமமே அப்படிப் பார்க்கவில்லை. நீதிமொழிகள் 22:17 முதல் வரும் பகுதியில் கோபக்காரனுக்குத் தோழனாகாதே, எல்லைக்குறியை மாற்றாதே என்றெல்லாம் வருகிறதல்லவா? எகிப்திய ஞானியான ஆமெனெமோபேயின் போதனையில் இதைப் பெரிதும் ஒத்த வாசகங்கள் உள்ளன. அந்தப் பாப்பிரஸ் சுருள் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1920-களில் அது அச்சில் வெளிவந்தபோது வேத அறிஞர்கள் வியந்தார்கள். இஸ்ரவேலர் பிற நாட்டு ஞானத்தைக் கேட்டார்கள், ஏற்றார்கள் என்றே பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். ஆனால் அந்தப் பகுதியின் தலைவாசலில் ‘உன் நம்பிக்கை கர்த்தர்மேல் இருக்கும்படி’ இவற்றைத் தெரியப்படுத்துகிறேன் என்று எழுதி வைத்தார்கள். வாசகம் எகிப்தின் வழியாக வந்தாலும் அதன் ஊற்று யாரென்று அவர்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

பிள்ளைகள் எப்படிச் சோதித்தறிவது என்று கேட்டால், யாக்கோபு 3:17 போதும். பரத்திலிருந்து வரும் ஞானம் சுத்தமுள்ளது, சமாதானமும் சாந்தமும் இணக்கமும் உள்ளது, இரக்கத்தால் நிறைந்தது, பட்சபாதமில்லாதது, மாயமற்றது. இந்த அளவுகோலில் ஞானம் யாரிடமிருந்து வந்தது என்பதைக் கனியைப் பார்த்தே யாக்கோபு கண்டுபிடிக்கச் சொல்கிறார். ஆளின் பெயரையும் ஊரையும் பார்க்கச் சொல்லவில்லை. வைராக்கியமும் விரோதமும் கொண்டு பேசும் பேச்சு சபைக்குள்ளிருந்து வந்தாலும் அது பரத்திலிருந்து இறங்கியதல்ல என்று அதற்கு இரண்டு வசனம் முன்பே சொல்லிவிடுகிறார்.

மதிப்பெண் குறித்து என் பங்கு: யாத்திராகமம் 31-இல் பெசலெயேலைத் தேவ ஆவியினால் நிரப்பினேன் என்று ஆண்டவர் சொல்கிறார். அது பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்வதற்காக, கல் பதிப்பதற்காக, மரம் செதுக்குவதற்காக. 35-ஆம் அதிகாரத்தில் நூல் நூற்ற பெண்களை ‘ஞான இருதயமுள்ள ஸ்திரீகள்’ என்று வேதம் அழைக்கிறது. எங்கள் வேதாகமத்தில் உள்ள சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் குயவரையும் கொல்லரையும் பேசி, அவர்கள் இல்லாமல் ஒரு நகரில் குடியிருக்க முடியாது என்கிறது. உங்கள் வகுப்பில் படிப்பில் பின்தங்கிய, ஆனால் கைவேலையில் சிறந்த ஒரு பிள்ளை இருந்தால், பெசலெயேலின் பெயரை அந்தப் பிள்ளையைக் கொண்டே வாசிக்கச் செய்யுங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஐயா, நீங்கள் அந்த வழக்கைப் பற்றி எழுதியதை வாசித்தபோது கண் கலங்கிவிட்டேன். நற்செய்தியை மழுப்ப மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன். அக்கா, ‘கேட்கிற இருதயம்’ என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதப்போகிறேன். ‘எந்த மனுஷனையும்’ என்பதையும் அதன் கீழே எழுதுவேன்.

நேற்று மாலை அந்தப் பாட்டியைப் பார்த்து வந்தேன். இருவரையும் ஒரே பாயில் உட்கார வைக்கும் வழக்கத்தை எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். தாம் புதுமணப்பெண்ணாக வந்த வருஷம், தமக்கும் நாத்தனாருக்கும் சண்டை மூண்டபோது மாமியார் தம்மை அப்படி உட்கார வைத்தார் என்றார். அன்றைக்கு நாத்தனாரின் கஷ்டத்தைச் சொல்லத் தெரியாமல் தாம் இரவு வரைக்கும் அழுததாகவும் சொன்னார். அந்தச் சிறுமியும் என்னுடன் வந்திருந்தாள். பாட்டிக்காக ஜெபிக்கலாமா என்று திரும்பும் வழியில் கேட்டாள். பாட்டியைத் தந்ததற்காக முதலில் நன்றி சொல்லி ஜெபிப்போம் என்றேன்.

தம்பி, உங்களிடம் ஒரு கேள்வி. ஏசாயாவைப் பாடமாக நடத்தும்போது பிள்ளைகளே கோலால் உளுந்து அடித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். காய்ந்த செடி கொஞ்சம் கிடைத்தால் போதும். எப்படி அடிக்க வேண்டும்?

பதில் 4: விவசாயி மகன், பகோ பக்கம்

சகோதரி, ஒரு கட்டுச் செடியை இந்த வாரம் பேருந்தில் அனுப்பிவைக்கிறேன். அறிஞர்கள் அந்த வசனத்தில் உள்ள செடியைக் கருஞ்சீரகம் என்று சொல்வதாகப் பின்பு ஒரு போதகரிடம் கேட்டறிந்தேன். நம் தமிழ் வேதாகமத்தில் உளுந்து என்றே இருப்பதால் பாடத்துக்குத் தடையில்லை.

செடியை ஒரு பகல் முழுதும் வெயிலில் போடுங்கள். காயை விரலால் அழுத்தினால் சடக்கென்று வெடிக்க வேண்டும். தரையில் சாக்கை விரித்து, சுண்டுவிரல் பருமனுள்ள கோலால் மேலாகத் தட்டச் சொல்லுங்கள். விற்பனைக்குப் போகும் உளுந்தை நாங்கள் டிராக்டரை ஓட்டியே அடிக்கிறோம். அடுத்த வருஷ விதைக்கு வேண்டியதை மட்டும் அம்மா இன்றைக்கும் கோலால்தான் தட்டி எடுக்கிறார்; பாரம் பட்ட மணி வெளியே முழுசாகத் தெரிந்தாலும் உள்ளே பிளந்திருக்கும், முளைக்காது. பிள்ளைகள் முதலில் ஓங்கித்தான் அடிப்பார்கள். சில மணிகள் உடையட்டும், தடுக்க வேண்டாம். உடைந்ததையும் உடையாததையும் தனித்தனியே ஈரத்துணியில் முடிந்து வைத்து, மூன்றாம் நாள் அவிழ்த்துக் காட்டுங்கள்.